வயிற்றில் பிள்ளை இருக்கும்போது செங்கண்மாரி: கொழும்புத் தாய்மார் செய்துகொள்ள வேண்டியவை

செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்ற சொல் காதில் விழுந்தவுடன் எங்கள் வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிவிடும், கீழ்க்காய்நெல்லி தேடி ஒருவர் கிளம்பிவிடுவார். கர்ப்பமில்லாத, மற்றபடி சுகமாக இருக்கிற ஒருவருக்கு வந்தது ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் என்றால், அவர் எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுவார். அந்தச் சாற்றுக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைத்ததே அதனால்தான். ஏழாம், எட்டாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் கண்ணில் அதே மஞ்சள் தெரிந்தால் கணக்கே வேறு. அவளை ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கண் மஞ்சளானால் எந்த வைரஸ் என்று கேளுங்கள். கண் மஞ்சளாகாவிட்டாலும் ஹெபடைடிஸ் பி டெஸ்டைச் செய்து, முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளக்கூடியது பெரும்பாலும் தாயிடம் எந்த அடையாளமும் காட்டாத அந்த பி-தான், அதைத் தடுக்கிற ஏற்பாடெல்லாம் பிரசவ வலி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐந்து ஹெபடைடிஸ் வைரஸ்கள் இருக்கின்றன: ஏ, பி, சி, டி, ஈ. எல்லாமே கல்லீரலைத்தான் பிடிக்கின்றன, வரும் வழிதான் வேறு வேறு. ஏ-யும் ஈ-யும் மலம் கலந்த தண்ணீர், சாப்பாடு வழியாக வாயால் போகின்றன. பி, சி, டி மூன்றும் இரத்தத்தால், உடலுறவால், தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று பரவுகின்றன (சி உடலுறவால் பரவுவது குறைவு). டி தனியாக வராது, பி இருக்கிறவருக்கு மேலதிகமாகத்தான் வரும், அதனால் பி ஊசி போட்டவருக்கு டி பற்றிய பயம் வேண்டாம். ஏ வந்த கர்ப்பிணி பெரும்பாலும் ஓய்வோடும் கவனிப்போடும் தேறிவிடுவார், சிலருக்கு மாதம் நிறையும் முன் வலி வரலாம், பிள்ளைக்குத் தொற்றுவது அரிது. ஆக, மீதமிருக்கும் இரண்டு பெரிய விஷயங்கள் ஈ-யும் பி-யும்.

கண் மஞ்சளானால் அன்றைக்கே

மஞ்சள் தெரிவதற்குச் சில நாள் முன்பே உடம்பு சொல்லத் தொடங்கும். லேசான காய்ச்சல், சாப்பாட்டு வாசனையே பிடிக்காமை, வாந்தி, எழும்ப முடியாத களைப்பு, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே ஒரு பாரம். சிக்கல் என்னவென்றால் இதெல்லாம் மசக்கை மாதிரியே இருக்கும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வாந்தி என்றால் சரி, அது மசக்கையாகவே இருக்கலாம். ஆறாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக வாந்தியும் களைப்பும் தொடங்கினால் அதை மசக்கைக் கணக்கில் போடாதீர்கள்.

கண்ணைப் பார்க்கிறதென்றால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இறக்கி வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். கொழும்பு அனெக்ஸ் வீடுகளில் பகலிலும் லைட் போட்டுத்தான் இருக்கிறோம், மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் யாருடைய கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும், டியூப் லைட்டில் உண்மையான மஞ்சளும் மறைந்துவிடும். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போகிறதா, மலம் வெளிறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறையத் தண்ணீர் குடித்த பிறகும் சிறுநீரின் நிறம் மாறவில்லையென்றால் அதுவே ஆஸ்பத்திரிக்குப் போகப் போதுமான காரணம்.

பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய் இரண்டு நாளைக்கு மருந்து வாங்கி வரும் நேரம் இது இல்லை. நீங்கள் கிளினிக் போகும் பெரிய ஆஸ்பத்திரி காசல் வீதியோ டி சொய்சாவோ என்றால் நேரே அங்கே போங்கள். தூரமென்றால், மகப்பேற்றுப் பிரிவு இருக்கும் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி. குழம்பிப் பேசுவது, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, எழுப்பினாலும் சரியாக எழும்பாமை, பல்முரசிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைதல், பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம், முச்சக்கர வண்டி பிடித்து ஆமர் வீதி நெரிசலில் நிற்பதைவிட அதுவே நல்லது. அந்தக் குழப்பமும் தூக்கமும் கல்லீரல் வேலையை விட்டுவிடத் தொடங்கியதன் அடையாளம், அதைக் களைப்பென்று எண்ணி படுக்கவைத்துவிடாதீர்கள்.

போகும்போது கர்ப்பகாலப் பதிவு அட்டை, பழைய இரத்த ரிப்போர்ட்டுகள், கடந்த இரண்டு மாதத்தில் குடித்த எல்லா மருந்தும் ஒரே பையில் போகட்டும். பனடோல், இரும்புச்சத்து மாத்திரை, ஆயுர்வேதக் கஷாயப் போத்தல், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொடி, எதையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சில மூலிகைகளும் சில மாத்திரைகளும் தாங்களே கல்லீரலைக் கெடுக்கும், டொக்டருக்கு அது தெரிய வேண்டும். பனடோலும் அளவு மீறினால் கல்லீரலுக்கு நஞ்சுதான், ஏற்கெனவே நோயில் இருக்கும் கல்லீரலுக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அங்கே இரத்தம் எடுத்து, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எஸ்.ஜி.பி.டி., கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின், இரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர்., பிளேட்லெட் எல்லாம் பார்ப்பார்கள், கூடவே வைரஸ் டெஸ்டுகள். பிரஷரையும் சிறுநீரில் புரதத்தையும் ஏன் பார்க்கிறார்கள் என்று யோசிக்காதீர்கள். கர்ப்பிணிக்கு மஞ்சள் வர வைரஸ் மட்டும் காரணமில்லை. பிரஷர் ஏறி கல்லீரலும் பிளேட்லெட்டும் சேர்ந்து கெடும் ஹெல்ப் என்ற நிலை, கடைசி மாதங்களில் கல்லீரலில் கொழுப்பு திடீரென்று படியும் நிலை, கொழும்பில் மழை பெய்தால் கூடவே வரும் டெங்கு, எலிக்காய்ச்சல், எல்லாமே பட்டியலில் இருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்து, தோலில் ஒரு தடிப்பும் இல்லையென்றால் அது பித்தநீர் தேங்கும் வேறொரு கர்ப்பகால நோயாக இருக்கலாம், அதற்கும் டெஸ்ட் இருக்கிறது. இவற்றில் சிலவற்றுக்குப் பிள்ளையை உடனே வெளியே எடுப்பதுதான் வைத்தியம். அதனால்தான் ‘எதனால் மஞ்சள்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை வீட்டுக்குப் போகிறோம் என்று கையெழுத்து வைத்து வரக் கூடாது.

ஹெபடைடிஸ் ஈ, தண்ணீரில் வருவது

1955, 56-இல் டெல்லியில் யமுனைத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் மஞ்சள் காமாலை வந்தது. அப்போது அதற்குப் பெயர் தெரியாது, பிறகுதான் அது ஈ வைரஸ் என்று புரிந்தது. ஆண்களுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கும் பெரும்பாலும் வந்துபோய்விடும் அதே நோய், கர்ப்பிணிகளிடம் மட்டும் வேறு முகம் காட்டுகிறது. கடைசி மூன்று மாதத்தில் ஈ வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர்வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்லீரல் சட்டென்று செயலிழப்பது, கருக்கலைவது, பிள்ளை வயிற்றிலேயே இறப்பது, மாதம் நிறையாமல் பிறப்பது, எல்லாம் நடக்கக்கூடியவை. இதற்கென்று குறி பார்த்துக் கொடுக்கும் மருந்து கர்ப்பிணிக்கு இல்லை, ரிபாவிரின் என்ற மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் கொடுக்க மாட்டார்கள். இதற்கொரு தடுப்பூசியைச் சீனா 2011-இல் அங்கீகரித்தது, எங்கள் கிளினிக்கில் போடும் ஊசிகளில் அது இல்லை. ஆக எங்கள் கையில் இருக்கும் ஆயுதம் கொதித்த தண்ணீர்தான்.

கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, குளோரின் போட்டு வருகிறது. அதற்குப் பிறகு அது உங்கள் வாய்க்கு வரும்வரை என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. பிளாட்டின் அடியில் இருக்கும் நிலத்தடித் தொட்டி, அதற்குப் பக்கத்திலேயே போகும் கழிவுக் குழாய், மூடி வெடித்த மொட்டைமாடித் தாங்கி... உங்கள் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வீட்டுக்காரரையோ பிளாட் பொறுப்பாளரையோ கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் கொதிக்கவைத்துக் குடிப்பதைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். வெல்லம்பிட்டி, கொலன்னாவை, மட்டக்குளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. 2016 மே வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் கிணறும் கழிவுக் குழியும் ஒரே தண்ணீராக நின்றது ஞாபகமிருக்கும். வெள்ளம் வடிந்து பல வாரங்களுக்குப் பிறகும் நோய் தலைகாட்டலாம், ஏனென்றால் ஈ உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு முதல் பத்து வாரம் எடுக்கும்.

கொதிக்கவைப்பது என்றால் கேத்தலில் ஆவி வந்ததும் இறக்குவது இல்லை, பெரிய குமிழிகள் புரண்டு எழும் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஆறியதை அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள், கை விட்டு அள்ளாமல் சாய்த்து ஊற்றுங்கள். பல் துலக்கவும் அதே தண்ணீர். வெளியே போகும்போது ஒரு போத்தல் கையில் இருக்கட்டும். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை சூடாக எண்ணெயிலிருந்து எடுத்துத் தந்தால் வடையில் பெரிய பயமில்லை, அதன் மேல் போடும் பச்சை வெங்காயத்தில்தான் பயம். வெட்டி வைத்த அன்னாசி, வெரளு அச்சாறு, ஐஸ் போட்ட ஜூஸ், சர்பத், பானிபூரித் தண்ணீர், இவற்றைப் பிரசவம் முடியும்வரை விட்டுவிடுங்கள். ஆசை வந்தால் வீட்டில் அன்னாசி வாங்கி, கழுவி, தோல் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிடலாம், யார் தடுத்தது? இன்னொன்று, கைக்குச் சானிடைசர் போட்டால் போதும் என்று இருக்காதீர்கள். ஏ, ஈ வைரஸ்களுக்கு சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் சரியான வழி. சமைப்பவரும் கழுவ வேண்டும், மாமியானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாத்திரைக்கோ கல்யாணத்துக்கோ இந்தியாவுக்குப் போகும் திட்டம் இருந்தால், கடைசி மூன்று மாதமென்றால் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஹெபடைடிஸ் பி, பிள்ளைக்காகச் செய்ய வேண்டியது

பி உள்ள தாய்மாரில் அதிகமானோருக்கு எந்த நோவும் இருக்காது. கண் வெள்ளையாக, உடம்பு நன்றாக, வேலைக்குப் போய்வந்துகொண்டு இருப்பார்கள். வைரஸ் பிள்ளைக்குப் போவது முக்கியமாகப் பிரசவ நேரத்தில், தாயின் இரத்தம் பட்டு. பெரியவர் ஒருவருக்கு பி தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் அது தங்கிவிடும், பிறக்கும்போதே தொற்றிய பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் தங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளை ஓடியாடி வளரும், படிக்கும், முப்பது நாற்பது வயதில் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளியே வரலாம். இதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதல் வேலை, உங்கள் பதிவு அட்டையை எடுத்துப் பாருங்கள். இரத்த வகை, ஹீமோகுளோபின், வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி., சீனி எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் ஹெபடைடிஸ் பி-யைக் காட்டும் எச்.பி.எஸ். ஏஜி (HBsAg) என்ற டெஸ்டின் முடிவு இருக்கிறதா? இல்லையென்றால் கிளினிக்கில், அது மாநகர சபையின் தாய்-சேய் நிலையமானாலும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகக் கிளினிக்கானாலும், உங்கள் குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ, ‘மிஸ், எனக்கு ஹெபடைடிஸ் பி பார்த்தார்களா? பார்க்காவிட்டால் எங்கே பார்க்கலாம்?’ என்று நேரே கேளுங்கள். தனியார் லாப்களிலும் செய்வார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால் நல்லது, பிந்திப்போனாலும் பிரசவத்துக்கு முன் எப்போது செய்தாலும் பயனுண்டு.

பொசிட்டிவ் என்று வந்தால் அழுது முடித்துவிட்டு அடுத்த டெஸ்டுக்குப் போங்கள். வைரஸ் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.ஈ. ஏஜி (HBeAg) பார்க்க வேண்டும். ஒரு மில்லிலீட்டரில் 2 இலட்சம் சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் பிள்ளைக்கு ஊசி மட்டும் போதாமல் போகலாம், அதனால் தாய்க்கு டெனோபோவிர் மாத்திரை 28-ஆம் வாரம் அளவில் அல்லது அதற்கு முன்பே தொடங்குவது வழக்கம். பிள்ளைக்குப் பாதுகாப்பான மாத்திரை, பால் கொடுக்கும்போதும் குடிக்கலாம். டொக்டர் சொல்லாமல் இடையில் நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி பொங்கலாம்.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் ஹெபடைடிஸ் பி ஊசி, முடிந்தால் முதல் 12 மணித்தியாலத்துக்குள்ளேயே. கூடவே, வேறு தொடையில், இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்து. இரண்டும் நேரத்துக்குப் போய், மீதி ஊசிகளும் தவறாமல் போனால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் தப்பிவிடும். இங்கே நாட்டின் வழக்கமான ஊசி அட்டவணையில் பிறந்தவுடன் போடுவது காசநோய்க்கான பீ.சீ.ஜீ., ஹெபடைடிஸ் பி ஊசி 2, 4, 6 மாதங்களில் பென்டாவலன்ட் என்ற ஐந்து நோய் ஊசியில் சேர்ந்து வருகிறது. பொசிட்டிவ் தாயின் பிள்ளைக்கு இரண்டு மாதம் காத்திருப்பது மிகப் பிந்திய காரியம். ஆகவே பிறந்தவுடன் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்காமல், 34, 36-ஆம் வாரக் கிளினிக்கிலேயே கேட்டு முடியுங்கள்: ஊசியும் இம்யூனோகுளோபுலினும் ஆஸ்பத்திரியில் இருக்குமா, நாங்கள் வாங்கி வர வேண்டுமா, இரவில் அல்லது போயா நாளில் பிறந்தால் யார் தருவார்கள்? இம்யூனோகுளோபுலின் விலை கூடிய மருந்து, எல்லா பாமசியிலும் கிடைக்காது, பிள்ளை பிறந்த பிறகு கணவர் கொழும்பு முழுக்க அலைந்து தேடும் நிலை வரக் கூடாது.

வலி வந்து வார்டுக்குப் போகும் நேரத்தில் உங்களால் விளக்கம் சொல்ல முடியாது, கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். அதனால் ஒரு வெள்ளைத் தாளில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ‘தாய் ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ், பிள்ளைக்கு ஊசியும் இம்யூனோகுளோபுலினும் உடனே தேவை’ என்று கிளினிக் டொக்டரிடமே எழுதி வாங்கி, பதிவு அட்டையின் முதல் பக்கத்தில் ஸ்டேப்ளர் பண்ணிவிடுங்கள். உள்ளே செருகி வைத்த தாள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு கலந்து காணாமல் போய்விடும். இன்னொரு பிரதி கணவரிடம், ஒரு போட்டோ போனில். முதல் பிள்ளைப்பேறு என்று யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள், அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும், கொழும்புக் கிளினிக்குக்குத் தெரிந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

பி இருப்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஊசி போட்ட பிள்ளைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், முதல் மணித்தியாலத்திலேயே கொடுக்கலாம். ‘பாலில் நோய் போகும்’ என்று யாராவது பால்மா டின்னோடு வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்குள்

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கோப்பையில் குடிப்பது, கட்டிப்பிடிப்பது, தும்முவது, இவற்றால் பி பரவாது. மருமகளின் தட்டின் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துப் பிரித்து வைத்த ஒரு வீடு எனக்குத் தெரியும். அதே வீட்டுக் குளியலறையில் அவளுடைய ரேசரும் மச்சாளுடைய ரேசரும் ஒரே கப்பில் நின்றன. பிரிக்க வேண்டியது அந்த ரேசரைத்தான்: ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகம்வெட்டி, காதுத்தோடு, சீனி பார்க்கும் ஊசி, இரத்தம் படக்கூடிய எதுவும். காய்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கணவர், மூத்த பிள்ளைகள், கூட இருப்பவர்கள் எல்லோரும் டெஸ்ட் செய்து, இல்லாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி போட வேண்டும். கணவருக்குப் பாதுகாப்பு வரும்வரை ஆணுறை. டெஸ்டில் பி இல்லாத கர்ப்பிணிக்கும் ஊசி போடலாம், கர்ப்பத்தில் பயமில்லை. பிள்ளைக்குக் காது குத்தும்போது செட்டியார் தெருவிலோ எங்கோ, உறை பிரிக்காத புது ஊசி என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு குத்தவிடுங்கள்.

சி பற்றிச் சுருக்கமாக. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது நூற்றுக்கு ஐந்து ஆறு அளவில்தான், தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் கூடும். தடுப்பூசி கிடையாது, ஆனால் இப்போது சில மாத மாத்திரையில் முழுதாகக் குணமாகும் நோய் அது. பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகுதான் அந்த மாத்திரை தொடங்குவார்கள். பால் கொடுக்கலாம், முலைக்காம்பு வெடித்து இரத்தம் வந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பிழிந்து ஊற்றிவிடுங்கள்.

பிறந்த பிறகு

பி தாயின் பிள்ளைக்கு 2, 4, 6 மாத ஊசிகள் முடிந்தாலும் வேலை முடியவில்லை. 9 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் பிள்ளையின் இரத்தத்தில் வைரஸ் இல்லையா, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று இரண்டு டெஸ்ட் செய்ய வேண்டும். இதைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள், பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று. எதிர்ப்புச் சக்தி வராத சில பிள்ளைகளுக்கு மறுபடி ஊசி போட வேண்டிவரும், டெஸ்ட் செய்யாமல் அது தெரியாது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் அந்த மாதத்துக்கு நேராக இப்போதே பென்சிலால் எழுதி வையுங்கள். சி தாயின் பிள்ளைக்கு சாதாரண அன்டிபொடி டெஸ்டைப் பதினெட்டு மாதத்துக்கு முன் செய்தால் தாயின் அன்டிபொடியே காட்டும், வீண் பயம், அதனால் 18 மாதத்தில் செய்யுங்கள்; அதற்கு முன் தெரிய வேண்டுமானால் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்ட் இருக்கிறது.

தாயும் தன்னை மறந்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய சில மாதங்களில், பி அமைதியாக இருந்த பெண்ணுக்கும் கல்லீரல் திடீரென்று வீங்கலாம். ஆறு மாதம்வரை எஸ்.ஜி.பி.டி.யை இடையிடையே பார்த்து, அதற்குப் பிறகும் கல்லீரல் கிளினிக்கை விடாமல் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்க் காட்டுங்கள். பிள்ளைக்கு ஊசி போடப் போகும் அதே நாளில் உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.